தெளிந்த நீரும் தூய நீரும்

தெளிவு வேறு, தூய்மை வேறு. பேச்சு வழக்கில் இவ்விரு சொற்களும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வந்து நிற்கின்றன. “தண்ணீர் பளிங்குபோல் இருக்கிறது, நல்ல தண்ணீர்தான்” என்று கூறுவோர் பலர். உள்ளத்தைப் பற்றியோ மொழியைப் பற்றியோ பேசுமிடத்து இந்த மயக்கத்தால் பெருந்தீங்கு விளைவதில்லை. குடிநீரைப் பற்றிப் பேசுமிடத்து இதே மயக்கம் உயிருக்கே உலை வைத்துவிடும்.

கலங்கிய நீரைத் தெளியவைக்கும் கலையைத் தமிழர் நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தனர். இல்லம் என்றும் தேற்றா என்றும் வழங்கும் மரத்தின் விதையால் நீர் தெளிவதை, மனக்கலக்கம் தீர்ந்த ஒரு பெண்ணுக்கு உவமையாக்குகிறது கலித்தொகை. இந்தத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் தேய்த்து நீரை ஊற்றிவைக்கும் வழக்கம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அண்மைக்காலம் வரை இருந்தது. இதன் காரணத்தை இன்றைய வேதியியல் எளிதாக விளக்குகிறது. நீரில் மிதக்கும் களிமண் துகள்கள் யாவும் ஒரே வகை மின்னேற்றம் உடையவை. ஆகவே அவை ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு, படியாமல் நிற்கின்றன. தேற்றாங்கொட்டையின் சாறு அவற்றை ஒன்றுசேர்த்துக் கனமாக்கிக் கீழே படியச் செய்கிறது. பெரிய நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் படிகாரம் செய்யும் வேலையும் இதுவே.

மண் படியும்போது அதனோடு கிருமிகளில் ஒரு பகுதியும் படிகிறது. எஞ்சியவையோ தெளிந்த நீரிலேயே தங்கிவிடுகின்றன. ஒரு மில்லிலிட்டர் நீரில் பல்லாயிரம் நுண்ணுயிர்கள் இருந்தாலும் கண்ணுக்குக் கலக்கம் தோன்றாது. நாவுக்கும் வேறுபாடு தெரியாது. எனவே நீர் தூயதா என்பதைக் கண்ணாலும் நாவாலும் தீர்மானிக்க இயலாது. அதனைச் சோதனை ஒன்றே காட்டும். அச்சோதனையைச் செய்பவர் யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்கிறார், கண்டதை உள்ளபடி எழுதுகிறாரா என்னும் வினாக்களே ஒரு சிறு குடியிருப்பின் குடிநீர்ப் பாதுகாப்பு முழுவதையும் தாங்கி நிற்கின்றன.

ஒரே ஆறு, இரண்டு நகரங்கள்

நீரின் தூய்மை மனிதர் செயலால் வருவது என்பதற்கு 1892ஆம் ஆண்டில் ஜெர்மனியில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி சான்றாகும். ஹாம்பர்க், ஆல்டோனா என்னும் இரு நகரங்களும் அருகருகே இருந்தன. இரண்டும் எல்பே ஆற்று நீரையே பருகின. ஹாம்பர்க் ஆற்று நீரை வடிகட்டாமல் குழாய்களில் விட்டது. ஆல்டோனாவோ ஹாம்பர்க்கின் கழிவு கலந்தபின் வரும் கீழ்ப்பகுதி நீரையே எடுத்தது. ஆயினும் அதனை மணற்படுகையின் வழியே மெல்ல வடித்து வழங்கியது. அவ்வாண்டு காலரா பரவியபோது ஹாம்பர்க்கில் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆல்டோனாவில் நோய் மிகச் சிறிதளவே காணப்பட்டது. அறிஞர் இராபர்ட் காக் இவ்வேறுபாட்டை ஆராய்ந்து, மணல் வடிகட்டியே ஆல்டோனாவைக் காத்தது என்று காட்டினார்.

அடுத்த படி குளோரின். இங்கிலாந்தின் லிங்கன் நகரில் 1905ஆம் ஆண்டில் டைபாய்டு காய்ச்சல் பரவியபோது குடிநீரில் தொடர்ச்சியாகக் குளோரின் சேர்க்கத் தொடங்கினர். 1908ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெர்சி நகரம் அம்முறையை நிலையாக மேற்கொண்டது. முதலில் தெளியவைத்தல், பிறகு வடிகட்டல், இறுதியில் கிருமி நீக்கல் என்னும் வரிசை அதன்பின் உலகெங்கும் நிலைபெற்றது. இவ்வரிசையை மாற்றலாகாது. கலங்கல் நீரில் குளோரினை எவ்வளவு கொட்டினாலும், மண்ணும் மக்கிய இலைச்சத்தும் அதன் ஆற்றலை உண்டுவிடும்; கிருமிகள் துகள்களின் மறைவில் தப்பிவிடும். ஆகவே தெளிவு தூய்மைக்கு முதற்படி. முதற்படியையே முடிவு என்று கொள்வதுதான் பிழை.

தோட்டத்தில் நீர் வந்த வழி

மேலைநாடுகளில் இம்முறைகள் வேரூன்றிய அதே காலத்தில்தான் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழர் பெருந்தொகையினராக வந்து சேர்ந்தனர். பேராக் மாநிலத்துக்கு இவ்வரலாற்றில் தனி இடம் உண்டு. 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகள் இந்நாட்டின் முதற்கன்றுகளுள் சேர்ந்தவை. பின்னர்ச் சுங்கை சிப்புட், ஈப்போ, பத்து காஜா, கம்பார், தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் எனப் பல வட்டாரங்களில் தோட்டங்கள் பரவின. காட்டை அழித்துத் தோட்டம் போட்டவிடத்து நகரக்குழாய் இல்லை. மலையடிவாரத் தோட்டங்களில் ஓடையை மேட்டில் சிறு அணையிட்டு மறித்து, குழாய் வழியே தொட்டிக்கு இறக்கினர். சமவெளித் தோட்டங்களில் கிணறு வெட்டினர். கரையோரத் தாழ்நிலங்களில் கூரையில் விழும் மழைநீரைத் தொட்டிகளில் பிடித்தனர். லயங்களின் முன்னே நிற்கும் பொதுக்குழாயடியில் விடியலிலும் மாலையிலும் தோண்டிகள் வரிசை பிடித்தன.

இந்நீரைப் பற்றிய கடமையைச் சட்டம் முதலாளியின் தோளில் வைத்தது. ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் ஆசிரியர்கள் நன்கு அறிந்த ஒன்று. ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்கவேண்டும் என்றது அச்சட்டமே. குடியிருப்பு, போதிய நல்ல நீர், மருத்துவம் ஆகியவற்றைத் தருவதும் முதலாளியின் கடமை என்று அது வகுத்தது. ஆகவே தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியும் தோட்டத்துக் குடிநீரும் ஒரே சட்டத்தின் நிழலில் வளர்ந்தவை எனலாம். பின்னர் 1966ஆம் ஆண்டில் தொழிலாளர் வீட்டு வசதிக்கான குறைந்த அளவு நியதிகள் பற்றிய சட்டமும், அதனினும் விரிவான சட்டம் 1990ஆம் ஆண்டிலும் வந்தன. பொதுக்குழாயிலிருந்து போதிய நீரை இலவசமாகத் தருதல் முதலாளியின் கடமை என்பது 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் கருத்து. 2019இல் அது திருத்தப்பட்டது.

ஏட்டில் இருந்த கடமையை நடைமுறையில் செய்தவர்கள் சிலரே. தொட்டியைக் கழுவுபவர் ஒருவர். பம்பை ஓட்டுபவர் ஒருவர். மருந்து கலக்கும் அளவைச் சொல்பவர் தோட்ட மருத்துவமனையின் டிரெஸ்ஸர். எல்லாத் தோட்டங்களிலும் இவர்கள் ஒரே அளவு கருத்தாக இருந்தனர் என்று கூறமுடியாது. ஆயினும் குழாயில் புழு வந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்பது லயத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தோள் போனபின்

அந்தத் தெரிவுதான் இன்று பல இடங்களில் மறைந்துவிட்டது. 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுக் கைமாறின. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில நிலங்கள் வீடமைப்புத் திட்டங்களுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் போயின. மக்களில் பெரும்பாலோர் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். சில குடும்பங்கள் பழைய லயங்களிலோ அருகிலிருந்த நிலத்திலோ தங்கின. கோயில் நின்றது, பள்ளியும் நின்றது. நாட்டிலுள்ள ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் நூற்றுக்கு மேற்பட்டவை பேராக்கில் உள்ளன. அவற்றுள் தோட்டத்தின் பெயரைத் தாங்கிக்கொண்டு, தோட்டமே இல்லாத இடத்தில் நிற்பவை பல.

தொழிலாளியும் முதலாளியும் இருக்கும் வரையில் சட்டத்தின் கடமைக்கு ஒரு தோள் இருந்தது. வேலை முடிந்து, நிலம் கைமாறி, குடும்பம் மட்டும் தங்கிவிட்டால் அக்கடமை யாருடையது? ஓடைநீர்க் குழாயும் பழைய தொட்டியும் தொடர்ந்து நீர் தரும். அவற்றைக் கழுவவும் சோதிக்கவும் கடமைப்பட்டவர் எவரும் இருக்கமாட்டார். நீர் வருவது நின்றால் உடனே தெரியும். பாதுகாப்பு நின்றால் தெரியாது. இதுவே இத்தகைய சிறு குடியிருப்புகளின் பேரிடர்.

பொதுக்குழாய் வந்துவிட்ட இடங்களிலும் இவ்வினா முற்றும் தீர்ந்துவிடுவதில்லை. பேராக் நீர் வாரியத்தின் நீர் மீட்டர் வரை வருகிறது. மீட்டருக்கு அப்பாலுள்ள குழாய்களும் கூரைத் தொட்டியும் இடத்துக்கு உரியவர் பொறுப்பு. பெரிய நிலம் ஒன்றின் வாயிலில் ஒரே மீட்டர் இருந்து, உள்ளே நெடுந்தொலைவு பழைய இரும்புக்குழாய் ஓடுமானால், நிலையத்திலிருந்து தூய்மையாகப் புறப்பட்ட நீர் கடைசி வீட்டை அவ்வாறே அடைந்தது என்று எவ்வாறு உறுதி கூறுவது? பள்ளியின் கூரைத் தொட்டிக்கும் இது பொருந்தும்.

மண்ணுக்கேற்ற இடர்

நீரின் இடர் எல்லா இடத்திலும் ஒரு தன்மையது அன்று. மண்ணுக்கு ஏற்ப மாறும். மலையோடையைப் பொறுத்தவரை மழையே பெரும்பகை. மேட்டில் காடு வெட்டப்பட்டாலும், விலங்குகள் நடமாடினாலும், பெருமழை பெய்த சில மணி நேரத்தில் அவற்றின் கழிவு அணைக்கு வந்துவிடும்.

கிந்தா பள்ளத்தாக்கின் இயல்பு வேறு. ஈப்போவைச் சூழ்ந்து நிற்கும் குன்றுகள் சுண்ணாம்புக்கல்லால் ஆனவை. கல்லுமலை முருகன் கோயிலும் இத்தகைய குன்றின் அடியிலேயே இருக்கிறது. மழைநீர் இக்கல்லைக் கரைத்துக் குகைகளையும் வெடிப்புகளையும் உண்டாக்குகிறது. மணலில் மெல்லக் கசியும் நீர் வடிக்கப்படுகிறது. வெடிப்பின் வழியே விரைந்தோடும் நீரோ மேலே கலந்த அழுக்கை அப்படியே கீழே கொண்டு சேர்க்கிறது. குகையூற்றின் குளிர்ந்த நீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். அதன் தூய்மைக்கு அத்தெளிவு சான்றாகாது.

வெள்ளீயம் தோண்டிய பழைய குட்டைகள் மூன்றாவது வகை. வெள்ளீயத் தாதுவோடு ஆர்சனிக் கலந்த கனிமங்களும் கிடப்பது உண்டு. ஆர்சனிக் நஞ்சு, நிறமும் மணமும் சுவையும் அற்றது. குளோரின் அதனை நீக்காது. கொதிக்கவைத்தாலும் போகாது, நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். வங்காளதேசத்தில் காலராவுக்கு அஞ்சிக் குளத்து நீரை விட்டுக் குழாய்க்கிணற்றுக்கு மாறிய மக்கள் ஆர்சனிக்கிடம் அகப்பட்டமை 1990களில் உலகறிந்த செய்தியாயிற்று. ஆகவே புதிதாக ஒரு நீர்நிலையைக் குடிநீருக்குக் கொள்ளுமுன் ஒருமுறையேனும் ஆய்வுக்கூடத்தில் உலோகச் சோதனை செய்வித்தல் இன்றியமையாதது. தாழ்நிலத்துக் கரிமண் நீர் தேயிலைச் சாறுபோல் பழுப்பாக இருக்கும். அதன் புளிப்புத்தன்மை உலோகக் குழாய்களை அரிக்கும். அதிலுள்ள மக்கிய பொருள் குளோரினை விழுங்கும்.

வாக்கர்ட்டன் தந்த பாடம்

சுண்ணாம்புப் பாறையின் வெடிப்பு, பெருமழை, கவனிப்பாரற்ற சிறு நீரமைப்பு ஆகிய மூன்றும் ஒருங்கே கூடினால் விளைவது யாது என்பதைக் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்துச் சிற்றூரான வாக்கர்ட்டன் 2000ஆம் ஆண்டில் கண்டது. ஏறத்தாழ ஐயாயிரம் பேர் வாழும் ஊர் அது. அதற்கு நீர் தந்த கிணறுகளுள் ஐந்தாம் கிணறு ஆழமற்றது. வெடிப்பு நிறைந்த பாறையிலிருந்து நீரை எடுத்தது. மே மாதத்தில் பெய்த பெருமழை, அருகிலிருந்த பண்ணையின் மாட்டுச் சாணத்தைக் கிணற்று நீரோடு கலந்தது. கொடிய ஈ. கோலி வகை ஒன்று குழாய்களில் பரவியது. ஏழு பேர் மாண்டனர். இரண்டாயிரத்து முந்நூறு பேர் அளவில் நோயுற்றனர்.

அங்கே குளோரின் கருவி இருந்தது. விதிகளும் இருந்தன. குளோரின் மீதியை நாள்தோறும் அளந்து எழுதவேண்டும் என்று வகுக்கப்பட்டிருந்தது. எழுதும் தாளும் இருந்தது. ஆனால் பல நாள் அளக்கவே இல்லை. அளக்காமலே 0.5 என்றும் 0.75 என்றும் தாளில் எழுதிவைத்தனர். நீரில் மாசு உண்டு என்று ஆய்வுக்கூடம் அறிவித்தபின்னும் அச்செய்தி சுகாதார அலுவலகத்துக்கு எட்டவில்லை. கேட்டபோது நீர் நன்றாக இருக்கிறது என்றே விடை வந்தது. இரத்தப்போக்கோடு வந்த குழந்தைகளைக் கண்டு ஐயுற்ற மருத்துவராலேயே உண்மை வெளிப்படத் தொடங்கியது.

நீதிபதி ஓகானர் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2002ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் ஆழ்ந்து நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. நீரமைப்பை நடத்தியவர்கள் ஊருக்குத் தீங்கு செய்ய எண்ணியவர்கள் அல்லர். கிணற்று நீர் இயல்பாகவே நல்லது என்று நம்பி, குளோரின் சேராத நீரைத் தாமே பருகியவர்கள் அவர்கள். குளோரின் வாடையை ஊரார் குறைகூறியதும் உண்டு. நோய்க்கிருமி பற்றிய தக்க பயிற்சி அவர்களுக்கு இல்லை. மேற்பார்வை செய்யவேண்டிய அரசுத் துறையின் தளர்ச்சியையும், செலவுக் குறைப்பையும் அவ்விசாரணை சுட்டிக்காட்டியது. தெளிந்த நீர், இனிய சுவை, பல்லாண்டு வழக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்து, அளந்து பார்க்கும் கடமையை வெறுஞ்சடங்காக்கிவிட்டன.

மூடியும் பூட்டும்

மற்றொரு பாடம் தமிழ்நாட்டிலிருந்து வருகிறது. புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், பட்டியல் இன மக்கள் வாழும் பகுதிக்கு நீர் தரும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது 2022ஆம் ஆண்டு திசம்பரில் கண்டறியப்பட்டது. அக்கொடுமையின் சமுதாயப் பொருளை யாவரும் அறிவர். குடிநீர்ப் பாதுகாப்பு என்னும் நோக்கிலும் அதனை எண்ணிப்பார்த்தல் வேண்டும். குழந்தைகள் நோயுற்று, மருத்துவர் நீரைப் பார்க்கும்படி கூறிய பிறகே மக்கள் தொட்டியின் மீது ஏறிப் பார்த்தனர்.

வாக்கர்ட்டனிலும் வேங்கைவயலிலும் மாசைக் கண்டுபிடித்த கருவி குழந்தையின் வயிறு. நாள்தோறும் சோதனை நடவாத ஊர்களில் அதுவே இறுதிக் கருவியாகிவிடுகிறது. தொட்டிக்கு மூடியும், மூடிக்குப் பூட்டும், பூட்டின் சாவிக்கு ஒரு பெயருடைய ஆளும் இருத்தல் சிறு செய்திபோல் தோன்றலாம். எலியும் பறவையும் தொட்டியில் விழாமல் தடுப்பதும், கொசு முட்டையிடாமல் காப்பதும், தீயோர் கையைத் தடுப்பதும் அம்மூடியே.

விதி கேட்பது யாது?

மலேசியச் சுகாதார அமைச்சின் தேசியக் குடிநீர்த் தரக் கண்காணிப்புத் திட்டம் 1983ஆம் ஆண்டில் தொடங்கியது. அதன் தர அளவுகளுள் சிலவற்றை ஆசிரியர்கள் நினைவிற்கொள்வது நலம். நூறு மில்லிலிட்டர் நீரில் ஈ. கோலி ஒன்றுகூட இருத்தலாகாது. ஆர்சனிக் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. கலங்கல் 5 அலகுக்குள் அடங்கவேண்டும். குழாயில் வரும் நீரில் தனிக்குளோரின் மீதி லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையலாகாது.

இந்த ‘மீதி’ என்னும் சொல்லில்தான் நுட்பம் இருக்கிறது. நீரில் இட்ட குளோரின் வேறு. வேலை செய்தபின் எஞ்சி நிற்கும் குளோரின் வேறு. எஞ்சியது இருந்தால், வழியில் புதிதாகப் புகும் கிருமியை எதிர்க்கக் காவல் இருக்கிறது என்பது பொருள். எஞ்சியது சட்டென்று இல்லாமற் போனால், ஏதோ ஓர் அழுக்கு உள்ளே புகுந்து அதனை உண்டுவிட்டது என்றோ, மருந்து தீர்ந்துவிட்டது என்றோ பொருள். மருந்து கலந்து அரைமணி நேரமேனும் கழிந்தபின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் எஞ்சியிருத்தல் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

கணக்கும் கடினமன்று. 10,000 லிட்டர் கொள்ளும் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் குளோரின் இடவேண்டும் என்று கொள்வோம். 20,000 மில்லிகிராம், அதாவது 20 கிராம் குளோரின் தேவை. புதிய பிளீச்சிங் தூளில் குளோரின் மூன்றில் ஒரு பங்கு அளவே இருக்கும். எனவே 60 கிராம் தூள் வேண்டும். வெப்பத்திலும் ஈரத்திலும் கிடந்து ஆற்றல் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்ட தூளானால் 100 கிராம் வேண்டும். திறந்த சாக்கில் பல மாதம் கிடந்த தூளைப் பழைய கரண்டிக் கணக்கில் அள்ளிப் போடுவது ஏன் ஆபத்து என்பதை உயர்நிலை வகுப்பு மாணவர் இக்கணக்கிலிருந்தே உணர்ந்துகொள்வர். நீரின் தன்மைக்கேற்ற அளவைச் சுகாதாரப் பரிசோதகர் வகுத்துத் தருதலே முறை. தூளைக் கையாள்பவர் கையுறை அணிவதும், அதனை அமிலப் பொருள்களோடு சேர்க்காதிருப்பதும் கட்டாயம்.

எஞ்சிய குளோரினை அளக்கச் சிறு பெட்டி போதும். நீர்மாதிரியில் டி.பி.டி. மாத்திரையைக் கரைத்தால் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். நிறத்தின் அடர்த்தியை அட்டையோடு ஒப்பிட்டு அளவைக் காணலாம். மலக்கிருமிக் கலப்பை அறிய, இந்திய அறிஞர் மூவர் 1982ஆம் ஆண்டில் வெளியிட்ட எளிய முறை ஒன்று உண்டு. மருந்து தோய்த்து உலர்த்திய தாள் உள்ள புட்டியில் நீரை ஊற்றி ஓரிரு நாள் வைத்தால், மாசுள்ள நீர் கறுத்துவிடும். நம் நாட்டு வெப்பமே அதற்குப் போதுமானது. இது ஆய்வுக்கூடச் சோதனைக்கு ஈடாகாது. ஆய்வுக்கூடத்துக்கு ஓடவேண்டிய நேரம் இது என்று எச்சரிக்கும் மணியாகும்.

குளோரினுக்கு எளிதில் மடியாத உயிரிகளும் உண்டு. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1993ஆம் ஆண்டில் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேரை நோயில் வீழ்த்திய கிரிப்டோஸ்போரிடியம் அத்தகையது. ஆகையால் ஓடைநீரை வடிகட்டாமல் மருந்து மட்டும் கலந்து வழங்குதல் குறையே. ஐயம் தோன்றும் நாளில் நீரை நன்கு கொதிக்கவைத்து, மூடிய கலத்தில் ஆறவைத்துப் பருகுதல் வீட்டளவில் உறுதியான காப்பு.

ஏடும் பள்ளியும்

உலகச் சுகாதார நிறுவனம் 2004ஆம் ஆண்டு முதல் வலியுறுத்திவரும் குடிநீர்ப் பாதுகாப்புத் திட்டம் என்பதன் சாரம் மூன்றே வினாக்கள். மாசு எங்கே புகக்கூடும்? அதனைத் தடுப்பது எது? அத்தடுப்பு இன்று வேலை செய்கிறது என்பதை எப்படி அறிவது? முதலிரண்டு வினாக்களுக்கும் ஒருமுறை அமைப்பு முழுவதையும் நடந்து பார்த்து விடை காணலாம். மூன்றாவதற்கு நாள்தோறும் விடை எழுதவேண்டும். அதற்கே ஏடு வேண்டும்.

அந்த ஏட்டில் அதிகம் தேவையில்லை. தேதி, நேரம், முந்திய நாள் மழை, கடைசிக் குழாயில் எஞ்சிய குளோரின், தொட்டி மூடியின் நிலை, எழுதியவர் பெயர் ஆகியவை போதும். அளவு எடுக்காத நாளில் ‘எடுக்கவில்லை’ என்று எழுதுதல் வேண்டும். ‘எடுக்கவில்லை’ என்னும் சொல் அந்த ஏட்டுக்கு இழுக்கன்று. எடுக்காமல் எழுதிய எண்ணே இழுக்கு. மாதம் முழுவதும் ஒரே எண்ணைக் காட்டும் ஏட்டை ஐயத்தோடு நோக்கவேண்டும். இயற்கை நீர் நாளுக்கு நாள் மாறும். உண்மையாக அளந்த எண்ணும் மாறும்.

இந்தியாவின் ஜல் ஜீவன் திட்டம் ஒவ்வொரு சிற்றூரிலும் பெண்கள் ஐவருக்கு நீர்ச் சோதனைப் பயிற்சி தரும் ஏற்பாட்டைக் கொண்டது. நீரை எடுத்துச் சமைத்துக் குழந்தைக்கு ஊட்டுபவரே அதனைச் சோதிக்கவும் கற்றல் பொருத்தமான முறை. பழைய தோட்டக் குடியிருப்புகளிலும் இது இயலாத செயலன்று. பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ கோயில் நிருவாகமோ முன்வந்தால், மாவட்டச் சுகாதார அலுவலகத்தைப் பயிற்சிக்கு அழைக்கலாம். மேல்வகுப்பு மாணவர் அளவெடுப்பதைப் பார்த்துப் பழகலாம். அறிவியல், கணக்கு, தமிழ் மூன்றுக்கும் அதில் பாடம் இருக்கிறது.

ஆயினும் ஓர் எல்லையை மறத்தலாகாது. குடிநீர்க் கடமையைப் பள்ளியின் தலையிலோ ஏழைக் குடும்பங்களின் தலையிலோ சுமத்திவிட்டு, நிலத்துக்கு உரியவரும் அரசு அமைப்புகளும் ஒதுங்கிக்கொள்ள இவ்வேற்பாடு இடம் தரலாகாது. பொதுக்குழாய் நீரே இக்குடியிருப்புகளுக்குரிய நிலையான தீர்வு. அதனைக் கேட்டு எழுதும் விண்ணப்பத்துக்கு, ஆறு மாத ஏட்டின் படியைக் காட்டிலும் வலிய சான்று வேறில்லை. “எங்கள் நீர் கெட்டுவிட்டது” என்று எழுதுவதற்கும், “இன்ன இன்ன நாளில், இன்ன மழைக்குப்பின், எஞ்சிய குளோரின் சிறிதும் இல்லை” என்று எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை அதிகாரிகள் நன்கு அறிவர். முன்னது முறையீடு, பின்னது சான்று.

தோட்டங்கள் மறைந்த இடங்களில் எழுத்தறிந்த நிறுவனமாக எஞ்சி நிற்பது பெரும்பாலும் தமிழ்ப்பள்ளியே. பிள்ளைகள் நாள்தோறும் அதன் குழாயில் வாய் வைத்துப் பருகுகின்றனர். அக்குழாய்க்கு நீர் தரும் தொட்டியைக் கடைசியாகத் திறந்து பார்த்த நாள் எது என்னும் வினாவுக்கு விடை எழுதப்பட்டிருக்கும் பள்ளியில் பாதுகாப்பு தொடங்கிவிட்டது எனலாம். விடை எழுதப்படாத பள்ளியில் அதனை இவ்வாரமே தொடங்கிவிடலாம். அதற்கு வேண்டியவை ஓர் ஏடும், ஓர் ஏணியும், பொறுப்பேற்கும் ஒருவருமே.